இறுக்காத கை

பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கம்பளையிலிருந்து அடுத்த பஸ்ஸில் ஏறி வந்து, "என்னத்துக்கு அக்கா என்ட பேர எழுதினீங்க?" என்று சண்டை பிடிக்கக்கூடிய ஆள். நாங்கள் எல்லோரும் அவளை மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். எழுதும்போது எனக்கு அவள் என்றுதான் வருகிறது. நேரில் 'ங்க' போடாமல் ஒரு நாளும் பேசியதில்லை. அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது, எனக்கு முப்பத்தொன்பது. என்னைவிட அவ்வளவு சின்னப் பெண் சொன்னபடி முதுகை நிமிர்த்தி, அவள் சொன்ன நேரத்தில் மூச்சு விட்டு மூன்று மாதம் குதிரை மேல் இருந்தேன்.

எதையும் இறுக்கி மூடத் தெரியாத பிறவி அவள். ஜாம் போத்தலை மூடியோடு சேர்த்துத் தூக்கினால் மூடி கையில் இருக்கும், போத்தல் தரையில் இருக்கும். அவளுடைய பிளாஸ்க் ஒழுகி ஒழுகி, குதிரைகளின் கணக்கெழுதும் கொப்பி முழுக்க பிளேன்டீ வாசம். லாயத்துப் பைப் எப்போதும் சொட்டிக்கொண்டே இருக்கும். தீவனம் வைத்திருந்த அறைக்கு ஒரு பித்தளைப் பூட்டு உண்டு. அது அவளுடைய காற்சட்டைப் பையில் கிடந்த நேரம்தான் அதிகம், கதவில் தொங்கி நான் பார்த்ததில்லை. தலையில் போடும் ஸ்கார்ஃபுக்கு ஒரே ஒரு ஊசி. எங்கள் பன்வில மலைக் காற்றுக்கு அது எந்த மூலைக்கு?

ஒரேயொரு காரியத்தில் மட்டும் அவள் வேறு ஆள். சேணத்தைக் குதிரையின் வயிற்றோடு கட்டும் வாரை அவளே இழுத்துப் பார்ப்பாள். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். பிறகு குதிரையை நாலு அடி நடத்திவிட்டு இன்னும் ஒரு தரம். "கட்டக்குள்ள வயித்த உப்பிக்கிட்டு நிக்கும் அக்கா. நடந்தா மூச்ச விடும், வார் லூசாகும். இதுங்க எல்லாம் கள்ளனுங்க" என்பாள். மற்றபடி உலகத்தில் எதை இறுக்கினாலும் அவளுக்கு ஆகாது. கால் முட்டியை இறுக்கினால் திட்டு. கடிவாளத்தை இறுக்கினால் திட்டு. பல்லை இறுக்கினாலும் எப்படியோ கண்டுபிடித்துவிடுவாள். "இறுக்கினா விழுவீங்க." நாளுக்கு நாற்பது தரம் இதைக் கேட்டிருப்பேன்.

அவளிடம் நான் போய்ச் சேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டம் பன்விலவுக்கு மேலே. பழைய தொரை பங்களாவை ஹோட்டல்காரர்கள் எடுத்து, நுவரெலியாவில் ரேஸ் ஓடி ஓய்ந்த நாலு குதிரைகளைக் கொண்டுவந்து கட்டினார்கள். விருந்தாளிகளைக் குதிரையில் ஏற்றித் தேயிலை மலை வழியாக ஆற்றங்கரை வரைக்கும் கூட்டிப்போவது அவர்களுடைய யோசனை. முன்னால் போக வழி தெரிந்த தோட்டத்துப் பெண் ஒருத்தி வேண்டும். மூன்று மாதம் பழக்குவார்கள். கடைசியில் ஹோட்டல் மெனேஜரே பின்னால் ஒரு குதிரையில் வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் நுவரெலியாவிலிருந்து ஆள் எடுப்பார்கள். சரிவுக்குப் பயமில்லாதவர்கள் யார் என்று கேட்டதும் முதலில் உயர்ந்த கை என்னுடையது.

உயராமல் என்ன செய்யும்? எங்கள் டிவிஷனை மூடப்போகிறார்கள் என்று அப்போதே பேச்சு. என் கணவர் இறந்து ஆறு வருடம். நானும் பதினொரு வயது மகள் கவிதாவும்தான் வீட்டில். குவைத்தில் வீட்டு வேலைக்கு ஏஜென்சிக்காரர் ஒருவர் பேசி முடித்திருந்தார். பாஸ்போர்ட்டும் வந்து அலுமாரியில் சேலைகளுக்கு நடுவில் இருந்தது. நான் போனால் கவிதா இரண்டு வருடத்துக்கு வத்தேகமவில் நாத்தனார் வீட்டில். அவளிடம் இதைச் சொன்ன நாளிலிருந்து அவள் அலுமாரிப் பக்கமே போகவில்லை. பள்ளிக்கூட உடுப்பைக்கூட நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

சரிவுக்கு எனக்குப் பயமில்லை என்பது உண்மை. இருபது வருடம் கொழுந்து பறித்த மலை. மழையிலும் பனியிலும் கூடையோடு ஏறி இறங்கிய கால். ஆனால் அந்தக் கால் தரையில் இல்லாமல் குதிரையின் இரண்டு பக்கமும் தொங்கும்போது கதை வேறு என்று முதல் நாளே தெரிந்துபோயிற்று. எனக்குக் கொடுத்த குதிரை நெற்றியில் வெள்ளைப் புள்ளி உள்ள ஒரு கிழட்டுப் பெண்குதிரை. பேர் பொட்டு. அது அசையாமல் நின்றபோதே நான் ஆடினேன்.

குதிரை மேல் உட்காருவதை மரக் கதிரையில் உட்காருவது என்று நினைத்தவள் நான். மிஸ் சொன்ன கணக்கு வேறு. காது, தோள், இடுப்பு, குதிகால் நாலும் மேலிருந்து கீழே ஒரே கோட்டில் நிற்க வேண்டும். குதிரை சட்டென்று கீழிருந்து மறைந்தால் நாம் தரையில் இரண்டு காலிலும் நின்றுகொண்டிருக்க வேண்டும், முகம் குப்புற விழக்கூடாது. அதைப் பார்க்க ஒரு வழி வைத்திருந்தாள். பையிலிருந்து அந்தப் பித்தளைப் பூட்டை எடுத்து, நூலில் கட்டி, ஒரு முக்காலி மேல் ஏறி நின்று என் காதுக்கு நேரே தொங்கவிட்டாள். பூட்டு என் குதிகாலுக்கு நேரே வந்திருக்க வேண்டும். அது முழங்காலையும் தாண்டி முன்னால் போய்த் தொங்கியது.

"தலையில என்ன ஈக்கு அக்கா?"

"ஹெல்மெட்டுங்க மிஸ்."

"அது எனக்கும் தெரியும். வேற என்ன?"

"ஒன்னும் இல்லீங்களே."

"அப்ப என்னத்துக்கு எதயோ சுமக்குற மாதிரி நெத்திய முன்னுக்குத் தள்றீங்க?"

அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஒரு மாதம் அந்தப் பூட்டு தொங்கத்தான் தொங்கியது, குதிகால் பக்கம் வரவில்லை. கால் வைக்கிற அங்கவடியைக் கழற்றிவிட்டு உட்கார வைத்தாள். கண்ணை மூட வைத்தாள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வட்டத்தில் சுற்ற வைத்தாள். சமதரையில் ஒரு மாதிரி சமாளித்தேன். சரிவைக் கண்டதும் என் நெற்றி தானாக முன்னால் போகும், முட்டி தானாக இறுகும், பொட்டு காதைப் பின்னால் மடக்கும்.

அந்த நாட்களில் ஒரு நாள் குவைத் மெடிக்கலுக்காகக் கண்டிக்குப் போய் வந்தேன். திரும்பும் பஸ்ஸில் வத்தேகமவில் மிஸ் ஏறினாள். வெள்ளிக்கிழமை கம்பளைக்கு வீட்டுக்குப் போய்த் திங்கட்கிழமை திரும்புவது அவள் வழக்கம். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. வத்தேகமவுக்கு மேலே அந்த வளைவுகளில் எங்கள் டிரைவர்கள் ஓட்டுகிற ஓட்டத்தை அறிந்தவர்கள் அறிவார்கள். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கியவர்களே ஒருவர் மடியில் ஒருவர் விழுந்தோம். அவள் நடுவில், எதையும் பிடிக்காமல், இரண்டு கையாலும் பொட்டலம் பிரித்துக் கடலை சாப்பிட்டுக்கொண்டு நின்றாள். பக்கத்திலிருந்த பெரியவர் பொறுக்கமாட்டாமல், "தங்கச்சி, கம்பியப் பிடிங்கம்மா" என்றார். "பிடிச்சா விழுவன் அங்கிள்" என்று அவருக்கும் ரெண்டு கடலை கொடுத்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. மெடிக்கல் ரிப்போர்ட் என் கைப்பையில் இருந்தது. எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது.

பழகத் தொடங்கி ஒரு மாதம் தாண்டி, ஐந்தாவது கிழமை விழுந்தேன். ஏழாம் நம்பர் மலையில் ஆற்றுக்கு இறங்கும் பாதை. பொட்டு இரண்டு அடி வேகமாக வைத்தது, அவ்வளவுதான். நான் அதன் கழுத்துக்கு மேலாகப் போய்ப் புதிதாகக் கவ்வாத்து வெட்டிய தேயிலைக்குள் விழுந்தேன். கவ்வாத்து வெட்டிய மரம் என்றால் இலை இல்லாத கூர்க்குச்சிதான். கையெல்லாம் கீறல். மிஸ் ஓடி வரவில்லை. நடந்து வந்தாள். "கையக் கால அசச்சிப் பாருங்க" என்றாள். அசைத்தேன். "முறியல்ல. மூச்ச விட்டீங்களா?" என்றாள். போய்ப் பொட்டுவைப் பிடித்து, வாரை மூன்று தரம் இழுத்துப் பார்த்து, "ஏறுங்க" என்றாள்.

ஏறினேன். ஆனால் அன்று இரவு, என்னோடு கொழுந்து பறிக்கும் சாந்தியிடம் பொரிந்து தள்ளிவிட்டேன். "அவ கல்லு மாதிரி நிக்கிறா சாந்தி. நான் விழுந்தா என்னா, எந்திரிச்சா என்னா அவளுக்கு? இன்னொருத்தி வருவா." சாந்தி கீறலுக்கு மஞ்சள் வைத்தபடி, "குவைத்துல குதிர இல்லக்கா, அங்கயே போயிரு" என்றாள். அவளுக்கு எதற்கும் ஒரு நக்கல்.

மறுநாள் காலை மலையில், எங்கள் கூடைகள் பாதி நிறைந்த நேரத்தில், மிஸ் வந்து நின்றாள். முழங்கால் வரைக்கும் பூட்ஸ். பாடம் எனக்குப் பின்னேரம்தான், காலையில் நான் இன்னமும் கொழுந்துக்காரிதான். கங்காணி அவளை ஹோட்டல் மேடம் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார். "எனக்கு ஒரு கூட தாங்க" என்றாள் மிஸ். சாந்தி விடுவாளா? தன்னுடைய கூடையையே கொடுத்து, ஸ்கார்ஃபுக்கு மேலே கயிற்றை ஏற்றிவிட்டாள். நிரையில் மூன்று அடி வைத்தாள் மிஸ். நாலாவது அடியில் கூடை பின்னால் இழுக்க, பஸ்ஸில் கம்பி பிடிக்காதவள் அப்படியே மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் உட்கார்ந்தாள். மலை முழுக்கச் சிரித்தது. கானுக்குள் கிடந்தபடி அவளும் சிரித்தாள். நான் கை கொடுத்தேன். அவள் கையைப் பிடிக்காமல் என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அப்பிடியே நில்லுங்க. அசையாதீங்க."

என் கூடையில் பாதிக் கொழுந்து இருந்தது. கயிறு நெற்றிக்கு மேலே இறுகி இருந்தது. கழுத்து முன்னால், இடுப்பு பின்னால், கூடை முதுகில். அவள் எழுந்து சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். கூடையை ஒரு விரலால் தள்ளினாள். நான் அசையவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினாள். அப்போதும் அசையவில்லை.

"உங்கட பேலன்ஸ்ல ஒரு பிழயும் இல்ல அக்கா," என்றாள். "கூடதான் இல்ல. முதுகுல இல்லாத கூடைக்கு முன்னுக்குச் சாயுறீங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மாதமாக நான் எதற்கும் உதவாதவள் என்று நினைத்திருந்தேன். இருபது வருடம் என் உடம்பு செய்ததைப் பிழையில்லை என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. குறைத்துப் பறித்தாய் என்பார்கள், முத்தின இலை பறித்தாய் என்பார்கள். நீ நிற்கிற நிலை சரி என்று யார் சொன்னார்கள்?

"பின்னேரம் கூடயக் கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, பூட்ஸில் சேற்றோடு போனாள்.

இப்படி ஒரு வித்தையை எந்த ஊரில் யார் செய்தார்களோ தெரியாது. ஹெல்மெட்டுக்கு மேலே கயிறு, முதுகில் கூடை, கூடை நிறைய ஈரப்புல். கொழுந்தைக் கொண்டுபோய் விளையாடினால் கங்காணி உயிரை எடுத்துவிடுவார் என்பதால் புல். மிஸ் நீளக் கயிற்றில் பொட்டுவை வட்டமாக நடத்தினாள். முதல் சுற்றிலேயே எனக்குத் தெரிந்தது, நான் ஆடவில்லை. முட்டியை இறுக்கவும் தோன்றவில்லை. ஒவ்வொரு சுற்று முடியும்போதும் குதிரையை நிறுத்தி, கூடையிலிருந்து இரண்டு கை புல் எடுத்துப் பொட்டுவுக்குப் போடுவாள். கூடை கொஞ்சம் இலேசாகும், என் முதுகு கொஞ்சம் நிமிரும். எவ்வளவு நிமிர்கிறது என்று எனக்கே தெரியாது. பொட்டுவுக்கு மட்டும் சங்கதி பிடிபட்டு, வட்டம் பாதியிலேயே நின்று கழுத்தைத் திருப்பிப் புல் கேட்கத் தொடங்கியது.

எட்டு நாள் அப்படிப் போனது. பிறகு வெறும் கூடை. பிறகு கூடையும் இல்லாமல் கயிறு மட்டும். கயிற்றையும் எடுத்த அன்று மிஸ் முக்காலியில் ஏறிப் பூட்டைத் தொங்கவிட்டாள். நான் கீழே பார்க்கவில்லை, பார்த்தால் தலை முன்னால் போய்விடும். நேரே தூரத்தில் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூட்டு என் பூட்ஸின் குதியில் டொக்கென்று பட்ட சத்தம் கேட்டது. மிஸ் முக்காலியிலிருந்து இறங்கினாள். பூட்டைப் பையில் போட்டுக்கொண்டு பைப்பை மூடப் போனாள், வழக்கம்போல அது சொட்டிக்கொண்டே இருந்தது.

மெனேஜர் பார்க்க வந்த நாள் காலையிலேயே தூறல். ஹோட்டல் முதலாளிமார் வரப்போகிறார்கள் என்று எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பாதை முடிகிற இடத்தில், ஆற்றங்கரை இரும்புக் கேட்டுக்கு விடியற்காலையில்தான் பச்சை அடித்திருந்தார்கள். எனக்கு ஹோட்டலில் ஒரு வெள்ளைச் சட்டை கொடுத்தார்கள். வாரை மிஸ் ஐந்து தரம் இழுத்துப் பார்த்தாள். வழக்கத்தைவிட ஒன்று கூடுதல்.

"நான் கீழ கேட்டுக்கிட்ட நிப்பன்," என்றாள். "ஒன்னும் சொல்ல மாட்டன். கத்தினாலும் வர மாட்டன். நீங்களே வாங்க."

"சரிங்க மிஸ்" என்றேன். கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தது. அன்றைக்காவது ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏஜென்சிக்காரருக்கு அடுத்த கிழமை முடிவு சொல்ல வேண்டும் என்று அவளுக்கும் தெரியும்.

மெனேஜர் பெரிய உடம்புக்காரர், சிங்கள மனிதர், தமிழும் பேசுவார். என் பின்னால் வந்தார். நான் வழியில் உள்ளதை எல்லாம் காட்டிச் சொல்லிக்கொண்டு போனேன். ஏழாம் நம்பர் மலை வந்தது. நான் விழுந்த இடத்துக் கவ்வாத்து மரங்கள் இப்போது துளிர் விட்டிருந்தன. அதைத் தாண்டியதும் பாதை செங்குத்தாக இறங்கும், கீழே கேட் தெரியும். கேட்டுக்கு அந்தப் பக்கம் மிஸ் நிற்பதும் தெரிந்தது. சொன்னபடி அசையாமல் நின்றாள்.

பாதி இறக்கத்தில் பொட்டுவின் முன்கால் களிமண்ணில் வழுக்கியது. தோள் கீழே போயிற்று. என் நெற்றிக்கு அந்தப் பழைய கயிறு ஞாபகம் வந்தது, வரத்தான் செய்தது. நான் மூச்சை விட்டேன். இடுப்பைச் சேணத்தில் ஆழமாக வைத்தேன். முட்டியைத் தளர்த்தி, கடிவாளத்தைப் பொட்டு கேட்ட அளவுக்கு விட்டுக் கொடுத்தேன். அது தலையை நீட்டி, காலை ஊன்றி, தன்னைத்தானே தூக்கிக்கொண்டது. நான் அதன் மேல் நேராக இருந்தேன். அவ்வளவும் நடக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பின்னாலிருந்து மெனேஜர் சிங்களத்தில், "ஹரி, ஹரி" என்றார், சரி சரி என்று. அவருடைய குதிரைக்குச் சொன்னாரா, எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது.

கீழே வந்து இறங்கியதும், "முதலாந்திகதி வேலைக்கு வாங்க" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு மெனேஜர் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். நான் சந்தோஷத்தில் பொட்டுவின் கழுத்தைத் தட்டிக் கொடுத்தேன். கேட்டைத் திறந்துகொண்டு மிஸ் வந்தாள். ஏதாவது குறை சொல்வாள் என்று நினைத்தேன். அவள் என்னைக் கட்டிப் பிடித்தாள். அவள் அப்படிச் செய்கிற ஆள் இல்லை. ஒரு நொடிதான். உடனே விட்டுவிட்டு, பொட்டுவின் காலைத் தூக்கிப் பார்க்கக் குனிந்துவிட்டாள். நான் அந்தக் கட்டிப்பிடிப்பைப் பெரிதாக எடுக்கவில்லை. என் நினைப்பெல்லாம் வீட்டில் இருந்தது.

லயத்தில் எங்கள் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். கவிதா பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் நின்றாள். "கெடச்சிருச்சு" என்றேன். அவள் உள்ளே போனாள். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. என் பாஸ்போர்ட்டை எடுத்து வந்து, "இத என்னா செய்ய?" என்று கேட்டாள். "கீழ் தட்டுல போடு. சேலைக்கு நடுவுல வேணாம்" என்றேன். போட்டுவிட்டு வந்தவள் என் பின்னால் நின்றுவிட்டாள்.

"அம்மா, முதுகுல யாரு கை?"

சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். வெள்ளைச் சட்டையின் முதுகில் பச்சை நிறத்தில் இரண்டு உள்ளங்கை. பத்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. "மிஸ்ஸோட கை. ஆத்தங்கர கேட் பெயிண்ட்" என்றேன். கவிதா தன்னுடைய கையை வைத்து அளந்து பார்த்தாள். பிறகு மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்து, துடைக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"எவ்ளோ இறுக்கிப் பிடிச்சிருந்தா இவ்ளோ பெயிண்ட் ஒட்டும்?"

நான் அந்தச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு நன்றாக அழுதேன். அழுது முடிந்ததும் மனது இலேசாக இருந்தது. கேட் அவ்வளவு தூரத்தில் இருந்தது. பொட்டு வழுக்கியபோது நான் அவளைப் பார்க்கவில்லை. கல்லு மாதிரி நிற்கிறாள் என்று சாந்தியிடம் சொன்னேனே, அந்த நாக்கை என்ன செய்ய?

மறுநாள் லாயத்துக்குப் போனபோது மிஸ் பைப்படியில் சவர்க்காரம் போட்டுக் கை தேய்த்துக்கொண்டிருந்தாள். விரல் இடுக்கெல்லாம் பச்சை. நான் கிட்டப் போய் நின்றேன்.

"இறுக்கினா விழுவீங்க மிஸ்" என்றேன்.

அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"நான் குதிரயில இல்லியே அக்கா."